மாப்பிள்ளை நடக்கிறார்

அந்தப் பராமரிப்பு இல்லத்தில் யாரும் கீழே விழுவதில்லை. அதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. வாசலில் நுழைந்ததுமே ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: "எங்கள் இல்லத்தில் இந்த ஆண்டு ஒருவர்கூட விழவில்லை." பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பூச்செடி. அதுவும் விழுந்துவிடக் கூடாதென்று சுவரோடு சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் மருமகள் ஏமாந்தாள். அவளையும் குற்றம் சொல்வதற்கில்லை. மாமனாருக்கு இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே ஏதோ கம்பியெல்லாம் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆளைத் தூக்கிக்கொண்டு ஏற அவள் என்ன பயில்வானா? தெருமுனையில் ஒரு தையல் கடை வைத்துக் காலம் தள்ளுகிறவள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. போனில் "அப்பாவ நல்லா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டால் அவன் கடமை முடிந்தது, அடுத்த துறைமுகம் வரைக்கும் நிம்மதி.

எலும்பு டாக்டர் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி அனுப்பியிருந்தார். "தினமும் கையப் பிடிச்சு நடக்க வைங்க. நடந்தா ரெண்டு மூணு மாசத்துல அவரே படியேறி வீட்டுக்கு வந்துடுவாரு. படுக்கப் போட்டீங்கன்னு வைங்க, கால் மறந்துடும். அப்புறம் கட்டிலே கதி."

ஆக, படியேறும் அளவுக்குக் கால் தேறும்வரை மாமனார் இல்லத்தில் இருப்பது, பிறகு வீட்டுக்கு வந்துவிடுவது. ஏற்பாடு இவ்வளவுதான். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, பிடித்துக்கொள்ள மூன்றாவது கைக்கு எங்கே போவார்? அப்பேர்ப்பட்டவர் கடைசியில் விழுந்தது குளியலறையில், ஒரு சோப்புத் துண்டின் மேல். அந்த அவமானம்தான் அவருக்கு எலும்பைவிட வலித்தது.

சேர்த்த மறுநாள் மதியம் மருமகள் வந்தாள். "வாங்க மாமா, ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். மாமனார் ஒரு காலைத் தரையில் ஊன்றினார். அடுத்த காலை ஊன்றுவதற்குள் காது கிழிகிறாற்போல ஒரு விசில்.

மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர் ஓடி வந்தார். இல்லத்தின் பாதுகாப்பு அதிகாரி. "கைய விடுங்க! அவர விடுங்க! அப்படியே விடுங்க!"

"விட்டா விழுந்துடுவாரே!" என்றாள் மருமகள்.

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். பயிற்சிப் புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை போலிருக்கிறது. "உக்கார வெச்சிட்டு விடுங்க" என்றார்.

மாமனார் உட்கார்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, பஸ்ல ஒரு நீள விசில் அடிச்சா நிறுத்து, ரெண்டு குட்டி விசில் அடிச்சா வண்டிய எடு. உனக்கு ரெண்டாவது விசில் தெரியுமா?"

"எங்க துறையில ஒரே விசில்தான் ஐயா" என்றார் அதிகாரி பெருமையாக.

கண்காணிப்பாளர் அம்மாள் மருமகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு விளக்கினார். அன்பான பெண்மணி. பேசும்போது மேசையின் முனையைத் தடவிக்கொண்டே இருப்பார். யாருக்கும் இடித்துவிடக் கூடாதென்று அந்த முனைக்கெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"உங்க பாசத்த நான் மதிக்கிறேம்மா. ஆனா பயிற்சி இல்லாத பாசம் ரொம்ப ஆபத்து. அவரு எங்க பொறுப்புல இருக்காரு. அக்கறை எங்க கடமை. அவரு நடந்து, விழுந்து, ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நடக்காமலே இருந்து கால் போயிடுச்சுன்னா?"

"அது வயசும்மா" என்றார் கண்காணிப்பாளர் சாந்தமாக. "வயசுக்கு யாரும் எங்களக் கேக்க மாட்டாங்க."

பாதுகாப்பு அதிகாரி வாசற்படியில் நின்றபடி சேர்ந்துகொண்டார். "நாங்க ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டோம். இதுவரைக்கும் விழுந்தவங்க அத்தன பேருமே விழறதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்திருக்காங்க."

மருமகள் கண்காணிப்பாளர் பக்கமே திரும்பினாள். மெதுவாக, "அப்ப நீங்களாவது யாராவது நடக்க வைங்களேன்" என்று கெஞ்சினாள்.

"தாராளமா! எங்க பணிப்பெண்கள் பயிற்சி முடிச்ச உடனே நடக்க வெப்பாங்க. அதுக்குன்னே வெளியிலேர்ந்து ஒரு பயிற்சி பொம்மை வரவழைச்சிருக்கோம். வாங்க, காட்டறேன்."

பொம்மை ஒரு முழு மனிதன் எடை இருந்தது. ரப்பர் தோல், மூடித் திறக்கும் கண், எந்தப் பக்கமும் மடங்கும் முட்டி. நீல நிறத்தில் சட்டையும் கால்சட்டையும், தலையில் தொப்பி, தூசி போகாதபடி மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணி. தினமும் மதியம் இரண்டு பணிப்பெண்கள் அதன் இடுப்பில் பட்டை கட்டி, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து, நீண்ட நடைபாதையில் நடத்திக்கொண்டு போவார்கள். சும்மா நடத்தினால் போதாது, மனசுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்பது விதி. "நல்லா வர்றீங்க ஐயா! இன்னும் ஒரு அடி! அவசரமே இல்ல!" பொம்மைக்கு அவசரமே இல்லைதான்.

பணிப்பெண்கள் அதற்கு வைத்த பேர் மாப்பிள்ளை. குளிப்பாட்டுவது, தலை வாருவது, ரப்பர் வெடிக்காமல் எண்ணெய் தடவுவது, இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க நடத்தி வருவது எல்லாம் அதற்குத்தான். அது மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வரும். அசல் மாப்பிள்ளை முறுக்கு.

கட்டிலில் படுத்தபடி மாமனார் பார்ப்பார். "என்னைவிட மோசமா நடக்கிறான். ஆனா அவனுக்குத்தான் ரெண்டு பக்கமும் ஆளு."

பக்கத்துக் கட்டிலில் ஒரு வாத்தியார் இருந்தார். நல்ல காலோடு வந்தவர்தானாம், படுத்தே இரண்டு வருஷமாகிவிட்டது. "நம்ம தலையில ஒரு ஆணி அடிச்சு அதுல தொப்பி மாட்டிட்டா நாமளும் பொம்மைதான் கண்டக்டர்" என்றார் அவர்.

ஒருநாள் விபரீதம் நடந்தது. பட்டை நழுவி மாப்பிள்ளை குப்புற விழுந்தார்.

பாதுகாப்பு அதிகாரி தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். யாரோ தண்ணீர்கூடக் கொண்டுவந்தார்கள். வாசல் பலகையை அன்று மாலையே கழற்றி, முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார்கள். மறுநாள் அவசரக் கூட்டம். கண்காணிப்பாளர் அம்மாள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே பேசினார்.

"விழுந்தது பொம்மைதானேன்னு அலட்சியமா இருக்கக் கூடாது. நம்ம கூரைக்குக் கீழ இருக்கற எல்லாரும் நம்ம பொறுப்பு. இன்னிக்குப் பொம்மை விழுந்துச்சு. நாளைக்கு..."

"ஆளு விழும்" என்று எடுத்துக்கொடுத்தாள் மூத்த பணிப்பெண்.

"ஆளு எப்படி விழும்? ஆளுங்கதான் நடக்கறதே இல்லையே. நாளைக்கும் பொம்மைதான் விழும். அதனாலதான் கவலையா இருக்கு."

கூட்டத்தில் முடிவான விஷயங்களைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மாப்பிள்ளைக்கு மெத்தென்ற காற்றுப் படுக்கை. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள். இருட்டறையில் தனியாக இருந்தால் ரப்பர் இறுகிப்போகும் என்பதால் ஜன்னலோரக் கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தது யார்? மாமனார்தான். அவரை மூலைக்குத் தள்ளினார்கள். இதற்கெல்லாம் வேண்டிய ஆட்களை எங்கிருந்து எடுப்பது? நோயாளிகளைக் கவனிக்கிறவர்களிடமிருந்துதான். அன்றிலிருந்து வாத்தியார் மணியடித்தால் வந்து பார்க்க ஆளில்லை.

மருமகள் இதற்கும் அசரவில்லை. "எனக்கே அந்தப் பயிற்சி குடுங்க. நானே எங்க மாமாவ நடக்க வெச்சுக்கறேன்" என்று போய் நின்றாள். கொடுத்தார்கள். தையல் கடையை மதியத்தில் பூட்டிவிட்டு வந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் மேலும் கீழும் நடந்தாள். மூலைக் கட்டிலிலிருந்து மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சான்றிதழும் வந்தது. நேராக மாமனாரிடம் போய்க் கை நீட்டினாள். விசில்.

"இந்தச் சான்றிதழ் பொம்மைக்கு மட்டும்தாம்மா" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "உயிரோட இருக்கறவங்களுக்கு மேல்நிலைப் பயிற்சி வேணும்."

"அதயும் குடுங்க."

"அது இன்னும் ஆரம்பிக்கல. அதுல ஒரு சிக்கல் இருக்கு. உயிரோட இருக்கறவங்க அசையறாங்க. நாம ஒண்ணு சொன்னா அவங்க ஒண்ணு பண்றாங்க. எங்க துறைக்கே அது பெரிய தலைவலி."

அன்று மாமனாருக்குக் கால்சட்டை மாற்றும்போது அவள் தொடையைப் பார்த்தாள். தையல்காரி கண்ணுக்கு அளவு தப்பாது. அவளே தைத்த கால்சட்டை, வந்தபோது கச்சிதமாக இருந்தது, இப்போது இரண்டு கால் உள்ளே போகும் போலத் தொளதொளத்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் மூன்று மாடி என்ன, மூன்று படிகூட ஏற முடியாது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான்தான் மாமா உங்கள இங்க கொண்டுவந்து தள்ளினேன். பலகையப் பாத்து மோசம் போயிட்டேன். என்னத் திட்டுங்க மாமா" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

மாமனார் திட்டவில்லை. ஜன்னலோரத்தில் எண்ணெய் மினுமினுக்கப் படுத்திருந்த மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, டிக்கெட் வாங்காதவன் பஸ்ல என்ன பண்ணுவான் தெரியுமா? பாஸ் வெச்சிருக்கறவன் மாதிரியே ஜம்முனு உக்காந்துப்பான். கூட்டத்துல எனக்கே தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "அந்த நீலத் துணி எந்தக் கடையில கிடைக்கும்?" என்றார்.

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஒரே நாளில் தைத்துவிட்டாள். அதே நீலம், அதே தொப்பி, அதே மூக்குத் துணி. மூத்த பணிப்பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் பயந்தாள். பிறகு, "பொம்மைகிட்ட நல்லா வர்றீங்க ஐயான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே கசந்துபோச்சுக்கா. ஒரு தடவயாவது மனுஷன்கிட்ட சொல்றேனே" என்று சம்மதித்தாள், கூட நடத்தி வருகிறவளையும் சம்மதிக்க வைத்தாள்.

அன்றிலிருந்து மதியம் மாப்பிள்ளை மூலைக் கட்டிலில் போர்வை போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மாமனார் நீலச் சட்டையில் நடைபாதைக்கு வருவார். இரண்டு பக்கமும் ஆள். "நல்லா வர்றீங்க ஐயா! இன்னும் ஒரு அடி!" முதல் நாள் நாலு அடிக்கே உயிர் போயிற்று. வலியில் கண்ணில் நீர் தளும்பியது. துணிக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். பொம்மை முனகக் கூடாதே.

பாதுகாப்பு அதிகாரி நடைபாதை ஓரத்தில் நின்று ரசிப்பார். "பாத்தீங்களா, எண்ணெய் தடவினதும் முட்டி எப்படி மடங்குது!" விசிலை எடுக்கவே இல்லை. மாமனாருக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. ஒரே ஒருநாள், எதிரே தள்ளுவண்டிகள் வழியை அடைத்து நின்றபோது, பழக்க தோஷத்தில் "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று வாயில் வந்துவிட்டது. அதிகாரி திரும்பினார். மூத்த பணிப்பெண் கட்டைக் குரலில் "முன்னாடி போங்க" என்று தானும் ஒரு தரம் சொல்லி, தொண்டை கட்டியிருப்பதாக இருமிக் காட்டினாள்.

மூலைக் கட்டிலைப் பற்றியும் நல்ல பேர். முன்பெல்லாம் நடக்கணும் நடக்கணும் என்று நச்சரித்த ஆள் இப்போது சத்தமே இல்லாமல் படுத்திருக்கிறாரே என்று கண்காணிப்பாளருக்கு மகிழ்ச்சி. "எங்க அணுகுமுறை வேலை செய்யுது பாத்தீங்களா" என்று மருமகளிடம் சொன்னார். மருமகள் தலையைக் குனிந்து ஆமாம் என்றாள்.

நடைபாதை முடிந்து படிக்கட்டுப் பயிற்சி வந்தது. பொம்மையைப் படியேற்றுவது எப்படி என்று புத்தகத்தில் தனி அத்தியாயம் இருந்ததாம். யார் எழுதினாரோ, அவர் பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும். மாமனார் ஒரு படி, இரண்டு படி என்று ஏறி, ஒரு மாடி ஏறினார். கால்சட்டை மறுபடி தொடையைப் பிடித்தது. மருமகள் ஓரத்தையலைப் பிரித்து விட்டாள். அவள் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக எந்தத் தையலையும் பிரித்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வு அதிகாரி வந்தார். இல்லம் முழுக்கப் பினாயில் வாசனை. பலகையைச் சுவரிலிருந்து திருப்பி, துடைத்து, "ஒருவர்கூட" என்பதற்கு முன்னால் "உயிருள்ள" என்று சேர்த்து மாட்டியிருந்தார்கள்.

ஆய்வு அதிகாரி முதலில் மூலைக் கட்டிலுக்கு வந்தார். "எப்படி இருக்கீங்க ஐயா?"

மூலைக் கட்டில் பதில் சொல்லவில்லை.

"குறை ஏதாவது?"

அதற்கும் இல்லை.

"பாத்தீங்களா சார்" என்றார் கண்காணிப்பாளர். "சேந்தப்ப எத்தன குறை சொல்லுவாரு தெரியுமா? இப்ப ஒண்ணுமே இல்ல."

ஆய்வு அதிகாரி அந்தக் கையைத் தொட்டார். "கொஞ்சம் சில்லுனு இருக்கே?"

"ஏசி சார்."

"நல்ல பராமரிப்பு" என்று தலையாட்டினார். "இந்த வயசுல ஒரு சுருக்கம்கூட இல்ல." வாத்தியார் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். உள்ளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார், பார்த்தவர்கள் குளிர் என்று நினைத்தார்கள்.

பிறகு நடைபாதையில் பயிற்சிக் காட்சி. மாமனார் நடந்தார். ஆய்வு அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட, மூச்சுகூட விடுதே!"

"புது மாடல் சார்" என்றார் பாதுகாப்பு அதிகாரி, தானே செய்ததுபோல. "இப்ப பாருங்க, முக்கியமான கட்டம். விழும்போது ஆளை எப்படிக் காப்பாத்தறதுன்னு காட்டப்போறோம். நான் விசில் அடிச்சதும் ரெண்டு பேரும் கைய விடணும், பட்டையையும் விடணும். பொம்மை விழும். அப்புறம் நாம ஓடிப்போய்க் காப்பாத்துவோம்."

ஓரமாக நின்ற மருமகள் தரையைப் பார்த்தாள். கீழே சிமெண்டுத் தரை. இன்னொரு தரம் அந்த எலும்பு முறிந்தால் அவ்வளவுதான், கால் என்ன, ஆளே மிஞ்ச மாட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் மறுபடி மூலைக் கட்டில், கம்பி, சுவர். சொல்லாவிட்டால்? "மாமா" என்று கத்த வாயைத் திறந்தேவிட்டாள்.

அதற்குள் விசில் அடித்தது. மூத்த பணிப்பெண் விடவில்லை. "விடுங்க!" என்று அதிகாரி கத்தினார். மாமனாரே தன் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

கம்பி இல்லை, ஆள் இல்லை, பட்டை இல்லை. மாமனார் காலைச் சற்று அகட்டி, முட்டியை லேசாகத் தளர்த்தி, இத்தனை வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றாரே, அப்படி நின்றார். உடம்பு இந்தப் பக்கம் ஒரு தரம் ஆடியது, அந்தப் பக்கம் ஒரு தரம் ஆடியது. நின்றுவிட்டது.

எல்லாரும் காத்திருந்தார்கள். காப்பாற்றத் தயாராகப் பாதுகாப்பு அதிகாரி குனிந்தபடியே இருந்தார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"விழ மாட்டேங்குதே?" என்றார் ஆய்வு அதிகாரி.

பாதுகாப்பு அதிகாரிக்கு முகம் வெளுத்தது. "பழுது சார். உள்ள ஏதோ இறுகிப்போயிருக்கு."

"விழாத பொம்மைய வெச்சுக்கிட்டு எப்படிப் பாதுகாப்பு சொல்லித்தருவீங்க? ஆபத்தில்லையா? முதல்ல இத வெளிய அனுப்புங்க. இன்னிக்கே."

"உடனே சார்!"

வாசலுக்கு யார் கொண்டுபோவது என்று பார்த்தார்கள். பொம்மையைக் கையாளச் சான்றிதழ் உள்ள ஆள் வேண்டுமே. மருமகள் கையைத் தூக்கினாள். அவளிடம்தான் இருந்தது.

வெளியே போகிற வழியில் வாத்தியாரின் கட்டில். அவர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி மருமகளின் சேலை முனையைப் பிடித்தார். "எனக்கும் ஒண்ணு தைப்பியாம்மா?" என்றார். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. அவள் அந்தக் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு நடந்தாள்.

வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "யாரு இது? உள்ள இருக்கறவங்க வெளிய போகணும்னா டாக்டர் கையெழுத்து, கண்காணிப்பாளர் கையெழுத்து, பாதுகாப்பு அதிகாரி கையெழுத்து எல்லாம் வேணும்."

"ஆளு இல்லண்ணே. பொம்மை. ரிப்பேருக்குப் போகுது."

"அப்படியா, சாமானா? போங்க போங்க." கதவை அகலத் திறந்துவிட்டார். "பாத்து, படியில இடிச்சிடப் போவுது."

தெருமுனை திரும்பும்வரை மாமனார் பொம்மையாகவே நடந்தார். திரும்பியதும் மூக்குத் துணியை அவிழ்த்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். மூன்று மாடியையும் அவரே ஏறினார். இரண்டாவது மாடியில் உட்கார்ந்து ஓய்வெடுத்தார், அது வேறு விஷயம். பஸ்ஸும்தான் நிறுத்தத்தில் நிற்கிறது.

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கண்காணிப்பாளர் அம்மாள் போன் செய்தார். மாமனார் அப்போது அடுப்படியில் நின்று தனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க மாமனாரப் பத்தி ஒரு நல்ல செய்தி சொல்லத்தாம்மா கூப்பிட்டேன். ரொம்ப நல்லா இருக்காரு. நடக்கணும்னு கேக்கறதையே விட்டுட்டாரு. ஆய்வுல எங்க இல்லத்துக்கு முதல் பரிசு. முன்மாதிரி முதியவர்னு அவருக்குத்தான் மாலை போட்டோம். அப்படியே ஏத்துக்கிட்டாரு, ஒரு வார்த்த பேசல."

"சந்தோஷங்க" என்றாள் மருமகள்.

"இன்னொண்ணு. பரிசு கிடைச்சதால புதுசா நாலு பயிற்சி பொம்மை வருது. பழசு மாதிரி இல்ல, நல்லா விழுமாம். நீங்க சான்றிதழ் வாங்கினவங்க ஆச்சே, மதியத்துல வந்து கொஞ்சம் உதவி செய்ய முடியுமா?"

"கண்டிப்பா வரேங்க" என்று போனை வைத்தாள். வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்து அடித்தட்டில் குனிந்து தேட ஆரம்பித்தாள்.

"என்னம்மா தேடற?" என்று மாமனார் டீயோடு வந்தார்.

"மிச்ச நீலத் துணி மாமா. இங்கதான் எங்கயோ மடிச்சு வெச்சேன்."

மாமனாருக்குக் கேள்வி எதுவும் தேவைப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தன டிக்கெட்?"

"நாலு. முதல்ல வாத்தியாருக்கு."

கண்டக்டர் இரண்டு விரலை மடித்து வாயில் வைத்தார். தெருவே திரும்பிப் பார்க்கிறாற்போல இரண்டு குட்டி விசில் அடித்தார்.